மூச்சு விடாத பேய்

சனிக்கிழமை மூன்று மணி ஆனால் அந்தச் சலவைக்கடையின் பின்னறையில் கோர்ட்டு கூடிவிடும். நீதிபதி, வக்கீல், சாட்சி எல்லாம் சேர்த்து மொத்தம் ஐந்தே பேர். கூண்டில் நிற்பது வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவியில் ஓடுகிற ‘மூடாத கதவு’ என்கிற பேய்த்தொடர்.

ஐந்து பேரும் அந்தத் தொடரின் ரசிகர்கள்தான். ரசிகர்கள் என்றதும் விசிலடிக்கிற கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். இவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ரகம். பேய் வலது காலை முதலில் வைத்ததா இடது காலையா என்று மூன்று நாள் சண்டை போட்டு, நான்காம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஐந்தாம் நாள் ஒன்றாக டீ குடிக்கிறவர்கள். பிடிக்காமல் குறை சொல்கிறார்களா என்றால் அதுதான் இல்லை. பிடித்துத் தொலைத்துவிட்டதால் சொல்கிறார்கள். பெற்ற பிள்ளையை நாம் திட்டுவதில்லையா, அந்த மாதிரி.

தலைமை செக்கர். முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். வேலை போனது, சந்தேகப்படுகிற கண் போகவில்லை. அடுத்தவர் நர்ஸ். காயம், கட்டு, ஊசி, ரத்தம் எல்லாம் அவள் இலாகா. பக்கத்துக் கடை பேக்கரிக்காரர் உடுப்பையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொள்வார்; வரும்போது ஒரு தட்டு பிஸ்கட்டும் வரும், அதனால் அவர் சொல்வதை யாரும் சட்டென்று தள்ளிவிட முடியாது. நாலாவது ஆள் இஸ்திரி அக்கா. அந்தப் பின்னறையே அவளுடையது. கூட்டத்துக்காக அவள் வேலையை நிறுத்துவதெல்லாம் கிடையாது. சூடான பெட்டியைச் சட்டை மேல் ஓட்டிக்கொண்டேதான் பேசுவாள், கேட்பாள், திட்டுவாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மின்சார இணைப்பும் நீராவிக் குழாயும் ஒரே சுவரில் இருந்ததால் இஸ்திரி மேசை அந்தச் சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. டிவியோ எதிர்ப்பக்கம், வாசல்கதவுக்கு மேலே. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் தொடர் ஓடும்போது இஸ்திரி அக்காவின் முதுகுதான் டிவியைப் பார்க்கும். மூன்று வருஷத்தில் அந்தப் பேயின் முகத்தை அவள் மொத்தமாகப் பத்து நிமிஷம் பார்த்திருந்தால் அதிகம். “பேயைப் பாத்தா சட்டை பொசுங்கும், சட்டையைப் பாத்தா பேய் போயிடும். எனக்குச் சட்டைதான் சோறு போடுது” என்பாள். கூட்டத்தில் அவளுக்கு மரியாதை உண்டு, ஆனால் சாட்சி என்று மதிப்பு கிடையாது. பார்க்காதவள் என்ன சாட்சி சொல்ல முடியும்?

ஐந்தாவது ஆளுக்குத் தலையாட்டியம்மா என்று பெயர் வைத்தவர் பேக்கரிக்காரர். ஆறு மாசமாக வருகிறாள். முதல் நாளே தொண்டை சரியில்லை என்று கையால் காட்டிவிட்டு ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவாள், கை தூக்கச் சொன்னால் தூக்குவாள். ஏதோ ஆபீசில் வேலை என்று நர்ஸ் தானாகவே முடிவு செய்துகொண்டாள். வாய் பேசாத ஆளைப் பற்றி ஊர் அப்படித்தான் எதையாவது முடிவு செய்துகொள்ளும்.

கூட்டத்தின் வேலை ஒன்றே ஒன்று. அந்த வாரத்துப் பாகத்தில் இருக்கிற தப்புகளையெல்லாம் பிடித்து, எண் போட்டு, குற்றப்பத்திரிகை ஒன்று எழுதித் தொடர் எடுக்கிற கம்பெனிக்கு அனுப்புவது. திங்கட்கிழமை காலை அது தயாரிப்பாளர் மேசையில் இருக்கும். ஒரு நகல் பத்திரிகையில் டிவி விமரிசனம் எழுதுகிறவருக்கும் போகும். கம்பெனிக்கு வயிற்றில் புளியைக் கரைப்பது அந்த நகல்தான்.

அதற்கு இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, வருகை நோட்டில் கையெழுத்துப் போட்ட எல்லோரும் கை தூக்கினால்தான் ஒரு குற்றம் பட்டியலில் ஏறும். ஒரு கை குறைந்தாலும் தள்ளுபடி. கை தூக்காதவர் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டாவது விதி ஒரு பிணத்தால் வந்தது. நாற்பதாம் பாகத்தில் பிணம் ஒன்று கண் சிமிட்டிவிட்டது. எல்லோரும் கை தூக்க, பேக்கரிக்காரர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துருவிக் கேட்டதில், பிணமாகப் படுத்திருந்தது அவருடைய மச்சான். கண்ணில் தூசி விழுந்தால் பிணமாக இருந்தாலும் சிமிட்டத்தானே செய்யும் என்று வாதாடினார். அன்றைக்கு செக்கர் எழுதிய விதி: சம்பந்தப்பட்ட ஆளின் கை செல்லாது, மற்றக் கைகள் போதும். பேக்கரிக்காரர் இரண்டு வாரம் பிஸ்கட் கொண்டுவரவில்லை. அது கிடக்கட்டும்.

இனி தலையாட்டியம்மாவின் விஷயத்துக்கு வருவோம். அவள் எந்த ஆபீசிலும் வேலை பார்க்கவில்லை. ‘மூடாத கதவு’ பேயின் குரலே அவள்தான்.

பேயாக நடிக்கிற பெண்ணுக்கு மொழி வராது. பெரிய கண்ணும் நீளமான முடியும் அந்தப் பெண்ணுடையவை. அழுகையும் சிரிப்பும் “கதவத் திற” என்கிற அந்த அடித்தொண்டைக் குரலும் இவளுடையவை. மூன்று வருஷமாக ஒரு சின்னக் கண்ணாடி அறையில் மைக் முன்னால் நின்று பேயாகப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்வார்களா என்று கேட்கிற ஆசையில்தான் இந்தக் கூட்டத்துக்கே வந்தாள். பேசினால் தெரிந்துவிடுமே என்றுதான் தொண்டையைச் சாக்காகக் காட்டினாள். ஆறு மாசமாக அவர்கள் கண்ணைப் பேசினார்கள், முடியைப் பேசினார்கள், புடவை நுனியைக்கூடப் பேசினார்கள். குரல் என்று ஒன்று இருப்பதாகவே யாருக்கும் நினைவில்லை. குரல்காரிக்கு உள்ளுக்குள் வலித்தது. தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள்.

இந்த வாரம் வியாழக்கிழமை தயாரிப்பாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொல்லி, ஒரு காட்சியை ஓடவிட்டார். மறுநாள் வரப்போகிற நூற்று நாற்பத்தெட்டாம் பாகம். பூட்டிய அறைக்கு வெளியே பேய் நின்று உள்ளே இருக்கிற தங்கையிடம் பேசுகிறது. குரல் இவளுடையது. ஆனால் அந்த வசனத்தை இவள் பேசவே இல்லை. 

மூன்று வருஷமாக அவள் பேசியதையெல்லாம் கேட்டு மெஷின் கற்றுக்கொண்டுவிட்டது என்றார் அவர். எச்சில் சத்தம் கிடையாது, மூச்சுச் சத்தம் கிடையாது, ஜலதோஷம் பிடித்து லீவு கேட்காது, அவளைவிடச் சுத்தம் என்று வேறு சொன்னார். இனிமேல் அதுவே பேசும். அதற்குச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வேண்டும், அவ்வளவுதான்.

“என் தொண்டை எனக்கே சொல்லாம வேலைக்குப் போயிட்டு வந்திருக்கு, நான் அதுக்குக் கையெழுத்து வேற போடணுமா சார்?” என்றாள் குரல்காரி. முடியாது என்று தாளைத் தள்ளிவிட்டாள்.

தயாரிப்பாளர் கோபப்படவில்லை. சிரித்தார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல். சட்டைப் பட்டனை எண்ணுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அவர்களுக்கே வித்தியாசம் தெரியப்போவதில்லை, அப்புறம் எதற்கு இந்த வீம்பு என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் அவளும் ஒருத்தி என்பது அவருக்குத் தெரியாது.

“பந்தயம் வெச்சுக்கலாம்மா” என்றார். “திங்கக்கிழமை அவங்க லிஸ்ட் வரும். அதுல குரலைப் பத்தி ஒரே ஒரு வரி இருந்தா, இந்தத் தாளை உங்க கண் முன்னாடி கிழிச்சுப் போட்டுட்டு மைக்கைத் திருப்பித் தரேன். இல்லன்னா மறு பேச்சு பேசாம கையெழுத்துப் போடணும். ஆனா நீங்க யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாது.”

ஆத்திரத்தில் சரி என்றுவிட்டாள். படி இறங்கும்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். அவள் ஒரு வார்த்தை கொடுத்தால் மாறுகிறவள் இல்லை. வாயால் மட்டுமில்லை, கையாலும் சாடையாலும்கூடக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தனக்குத் தானே இன்னும் ஒரு பூட்டுப் போட்டுக்கொண்டாள். ஜெயித்தால் நேராக ஜெயிக்க வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமையோடு அந்தக் கண்ணாடி அறைக்கு ஒரு கும்பிடு.

சனிக்கிழமை வீட்டிலேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். இரண்டு மணிவரை இருந்தாள். இரண்டரைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டாள். சலவைக்கடை வாசலில் நோட்டு இருந்தது, பழக்க தோஷத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான், இனி தன் கையும் கணக்கில் வந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழித்தால் ஏன் என்று கேட்பார்கள்.

உள்ளே ஈரத்துணி வாசனையும் சோப்பு வாசனையும் கலந்து அடித்தது. செக்கர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “ஆரம்பிக்கலாமா?” என்றார்.

அன்றைக்குக் குற்றங்களுக்குப் பஞ்சமே இல்லை. தங்கைக்காரி உள்ளே போகும்போது சுவர்க்கடிகாரம் ஐந்து காட்டியது, வெளியே வரும்போது நாலே முக்கால் என்றார் பேக்கரிக்காரர். ஐந்து கைகள் உயர்ந்தன. போன வாரம் இடது மணிக்கட்டில் இருந்த கட்டு இந்த வாரம் வலது மணிக்கட்டுக்குப் போய்விட்டது, கட்டு நடந்து போகுமா என்று நர்ஸ் கேட்டாள். ஐந்து கைகள். பேய்க்கு நிழல் விழுந்தது என்று செக்கர் பிடித்தார். அதற்குச் சின்ன விவாதம். விளக்கு முன்னால் நின்றால் விழாதா என்றார் பேக்கரிக்காரர். மூன்று வருஷமாக விழாத நிழல் இந்த வாரம் மட்டும் ஏன் விழுகிறது என்று செக்கர் மடக்கினார். ஐந்து கைகள்.

நாலு, ஐந்து, ஆறு. குரல்காரி ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கிவிட்டு, அடுத்ததாவது அதுவாக இருக்காதா என்று காத்திருந்தாள். கதவின் கைப்பிடி மாறியதைப் பிடித்தார்கள். மாடிப்படி பன்னிரண்டிலிருந்து பதினொன்றானதைப் பிடித்தார்கள். செக்கர் எண்ணியிருக்கிறார். படியை எண்ணுகிறவருக்குக் காது என்று ஒன்று கிடையாதா என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எட்டாவது முடிந்தது. செக்கர் பேனாவை மூடப்போனார். “வேற ஒண்ணும் இல்லையே?”

குரல்காரி மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டாள். ஆக, இத்தனை வருஷம் யாருமே கேட்கவில்லை.

“எனக்கு ஒண்ணு இருக்கு” என்றாள் இஸ்திரி அக்கா, சுவரைப் பார்த்தபடியே.

எல்லோரும் அவள் முதுகைப் பார்த்தார்கள். அவள் மேசைக்கடியிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். காலரில் பழுப்பாக ஒரு முக்கோணம். இந்த மேசையில் பதினாலு வருஷமாக நிற்கிறாள், ஒரு சட்டையைப் பொசுக்கியதில்லை. நேற்றுப் பொசுக்கிவிட்டாள். காரணம் பேய்.

அவள் சொன்னது இதுதான். பேய் கதவுக்கு வெளியே நின்று, உன்னை ஒன்றும் பண்ண மாட்டேன், கதவத் திற என்று தங்கையிடம் சொன்னது. இவள் நம்பிவிட்டாள். சரி, இன்றைக்கு அக்காவும் தங்கையும் ராசியாகிவிடுவார்கள் என்று நிம்மதியாகக் காலரைத் தேய்த்தாள். தங்கை கதவைத் திறந்த அடுத்த நொடி அலறல், படியில் உருளுகிற சத்தம். தூக்கிவாரிப்போட்டு, பெட்டி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

“பேய் ஏமாத்தத்தானேக்கா செய்யும்? அது தப்பா?” என்றார் பேக்கரிக்காரர்.

“என்னை ஏமாத்தாது” என்றாள் இஸ்திரி அக்கா. “மூணு வருஷமா அது பொய் சொன்னப்போல்லாம் எனக்கு முன்கூட்டியே தெரியும். பொய் சொல்றதுக்கு முன்னாடி அவ ஒரு மூச்சு இழுப்பா. சின்னதா, மூக்கால. உண்மை சொல்லும்போது இழுக்க மாட்டா. நேத்து அந்த மூச்சு வரல. அதான் நம்பிட்டேன். அது அவ குரல் மாதிரியே இருக்கு, ஆனா அது அவ இல்ல.”

ஓரத்து நாற்காலியில் குரல்காரிக்கு ரத்தம் முகத்துக்கு ஏறியது. மூச்சா? எந்த மூச்சு? அவளுக்கே தெரியாதே!

பேக்கரிக்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் நர்ஸுக்கும் அடக்க முடியவில்லை. செத்துப் போனவளுக்கு மூச்சு எதற்கு, மூச்சு விடாததுதான் சரி, இத்தனை நாள் விட்டதுதான் தப்பு, வேண்டுமானால் அதை எழுதலாம் என்றாள். செக்கர்கூட மீசைக்குள் சிரித்துக்கொண்டார். பேய் மூச்சு விடவில்லை என்று எழுதி அனுப்பினால் கம்பெனியில் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றார். நகல் போகிற பத்திரிகைக்காரர் அதை அப்படியே அச்சில் போட்டுச் சந்தி சிரிக்க வைப்பார் என்றார். அதிலும் முக்கியமாக, இஸ்திரி அக்கா பார்க்கவே இல்லையே.

“பாக்கலதான். கேட்டேன். நீங்க பாத்தீங்க, கேக்கல” என்றாள் அவள்.

தள்ளுபடி என்று செக்கர் சொல்ல வாயெடுத்தார். குரல்காரி ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘அக்கா சொல்றது நிஜம்’ என்று மூன்றே மூன்று சொல். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, ஒட்டியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் இஸ்திரி அக்கா விடுகிற ஆளில்லை. “நாற்காலியைத் திருப்பிப் போடுங்க” என்றாள்.

எதற்கு என்றார் செக்கர்.

“என் பக்கம். சுவத்தைப் பாத்து. எல்லாரும். நான் மூணு வருஷம் கேட்ட மாதிரி நீங்க பத்து நிமிஷம் கேளுங்க. அப்புறமும் சிரிப்பு வந்தா சிரிங்க, நான் பேச மாட்டேன். மாட்டேன்னா அடுத்த வாரம் வேற இடம் பாத்துக்கோங்க, இது என் ரூம்.”

அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்? முணுமுணுத்துக்கொண்டே நாற்காலிகளைத் திருப்பினார்கள். பேய்த்தொடரின் பரம ரசிகர்கள் நாலு பேர் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெயின்ட் உரிந்த சுவரையும் நீராவிக் குழாயையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நர்ஸிடம் எல்லாப் பாகமும் பென் டிரைவில் இருந்தது. எந்தப் பாகம், எந்த இடம் என்று இஸ்திரி அக்கா பெட்டியை ஓட்டிக்கொண்டே சொன்னாள். ஒன்றுகூடத் தவறவில்லை. படத்தைப் பார்க்காதவள் பாகத்தை எண்ணால் சொல்வதைக் கேட்டே செக்கரின் சிரிப்பு பாதி குறைந்துவிட்டது.

முதலில் முப்பத்தோராம் பாகம். பேய் தன் அம்மாவிடம், எனக்குக் குளிருது என்கிறது. உண்மை. மூச்சு எதுவும் இல்லை.

அடுத்தது அறுபத்திரண்டு. செத்துப்போனது தெரியாமல் அம்மா போனில் கேட்கிறாள், எப்படிம்மா இருக்கே என்று. பின்னறையில் சத்தமே இல்லை. பெட்டியின் நீராவிகூட அடங்கியிருந்தது. அப்போது கேட்டது, காகிதம் நகர்ந்த அளவுக்கு ஒரு சின்ன மூச்சு. அதற்குப் பிறகு குரல்: “நான் நல்லாத்தான் இருக்கேம்மா.”

நர்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பாகத்தை அவள் ஐந்து தடவை பார்த்து அழுதிருக்கிறாள், இந்த மூச்சை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

குரல்காரியும் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டாள். தன் குரலை அவள் எப்போதும் படத்தோடு சேர்த்துத்தான் பார்த்திருக்கிறாள். வாயசைப்புக்குப் பொருந்துகிறதா என்பதே கவலையாக இருந்திருக்கிறது. இது எங்கிருந்து வந்தது? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகச் சேர்த்ததும் இல்லை. சட்டென்று பிடிபட்டது. சின்ன வயசில் அவள் எந்தப் பொய் சொன்னாலும் அம்மா உடனே கண்டுபிடித்துவிடுவாள். எப்படிம்மா என்று கேட்டால், அது எனக்குத் தெரியும் என்பாள், அதற்கு மேல் சொல்ல மாட்டாள். சொல்லாமலே போய்ச் சேர்ந்தும்விட்டாள். அம்மாவுக்குப் பிறகு அதைக் கேட்டவள் இந்த இஸ்திரி அக்கா ஒருத்திதான். குரல்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

கடைசியாக நேற்றைய பாகம். “உன்ன நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். கதவத் திற.” அதே குரல், அதே கனம். முன்னால் எதுவுமே இல்லை. குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருகிற மாதிரி வார்த்தை வந்தது.

“இன்னொரு தரம் போடும்மா” என்றார் செக்கர். நர்ஸ் போட்டாள். மூன்றாவது தரமும் போடச் சொன்னார். அவர் முகம் பஸ்ஸில் டிக்கெட் இல்லாத ஆளைப் பிடித்துவிட்ட முகமாக மாறியிருந்தது.

“வேற ஆளா இருக்குமோ?” என்றார் பேக்கரிக்காரர் மெதுவாக.

ஆளாகவே தெரியவில்லை என்றாள் நர்ஸ். ஆள் என்றால் எங்காவது மூச்சு வாங்கியாக வேண்டும், அந்த நீள வசனத்தில் ஒரு இடத்தில்கூட வாங்கவில்லை, இது நான் சொல்கிறேன், இது என் இலாகா என்றாள். கால்மணி நேரம் முன்னால் விழுந்து விழுந்து சிரித்ததை அவள் வசதியாக மறந்துவிட்டாள்; போகட்டும், சரியான பக்கத்துக்கு வந்துவிட்டாளே.

“கை” என்றார் செக்கர். தன் கையை முதலில் தூக்கினார். நர்ஸ் தூக்கினாள். பேக்கரிக்காரர் தூக்கினார். இஸ்திரி அக்கா பெட்டி பிடிக்காத இடது கையைத் திரும்பாமலே உயர்த்தினாள்.

ஐந்தாவது கை வரவில்லை.

ஓரத்து நாற்காலியில் குரல்காரி இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டிருந்தாள். தூக்கினால் முடிந்தது. தூக்கச் சொல்லித்தான் கை துடித்தது. இந்த நாலு பேரும் தாங்களாகத்தானே கண்டுபிடித்தார்கள், தன் கை வெறும் சம்பிரதாயம்தானே என்று ஒரு மனசு கெஞ்சியது. ஆனால் கடைசிக் கை அவளுடையது என்றால் அந்த வரியை எழுதியவளும் அவள்தான். திங்கட்கிழமை தயாரிப்பாளர் கண்ணைப் பார்த்து, நான் எதுவும் செய்யவில்லை சார் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு ஜெயிப்பு வேண்டாம். மைக் போனாலும் போகட்டும், கை எழும்பாது என்று விரல்களை இறுக்கிக்கொண்டாள்.

“தலையாட்டியம்மா, உங்க கை?” என்றார் செக்கர்.

அவள் தலையை அசைத்தாள். ஆறு மாசத்தில் முதல் தடவையாகப் பக்கவாட்டில் அசைத்தாள்.

எல்லோருக்கும் திகைப்பு. எட்டுக் குற்றத்துக்கும் மளமளவென்று தூக்கிய கை இதற்கு மட்டும் ஏன் மடங்குகிறது? பேக்கரிக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. விதி விதிதான் என்றார் செக்கர். தூக்காதவர் காரணத்தைச் சொல்ல வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தொண்டை சரியில்லாவிட்டாலும் ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும், அதை எழுதித் தள்ளுபடி என்று போட்டுவிடலாம்.

குரல்காரி எழுந்து நின்றாள். என்ன சொல்வது? உண்மையைச் சொல்லக் கூடாது. மிச்சம் இருப்பது ஒன்றுதான். தரையைப் பார்த்தாள். மூக்கு வழியாக, காகிதம் நகர்ந்த அளவுக்கு, ஒரு சின்ன மூச்சு உள்ளே போனது.

“எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல” என்றாள்.

இஸ்திரி மேசையில் பெட்டி நின்றது.

இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். கூட்டம் நடக்கும்போது அந்தப் பிளக் கழன்றதை இதுவரை யாரும் கண்டதில்லை. அப்புறம் மெதுவாகத் திரும்பினாள். ஆறு மாசமாக முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அந்த முகத்தை இப்போதுதான் நேராகப் பார்த்தாள். ஒல்லியான, கண் கலங்கிய, நாற்பது வயசுப் பெண். கண்ணும் பெரிசில்லை, முடியும் நீளமில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். குரல்காரி அவள் பார்வையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, வாயையும் திறக்கவில்லை.

“தள்ளுபடின்னு எழுதிடவா?” என்றார் செக்கர்.

“எழுதாதீங்க” என்றாள் இஸ்திரி அக்கா, கண்ணை எடுக்காமல். “இவங்க கையைக் கணக்குல சேக்காதீங்க. பிணத்தோட மச்சான் கை செல்லாதுன்னா, பேயோட கையும் செல்லாது. மத்த நாலு கையும் போதும்.”

பேக்கரிக்காரரின் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது. நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். செக்கருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும் மூடிய பேனாவைத் திறந்தார். ஒன்பது என்று எண் போட்டு, நிறுத்தி நிதானமாக எழுதினார்: பேய் மூச்சு விடவில்லை. அதன் கீழே, குரல் அவருடையது அல்ல, அவரைத் திரும்பக் கூப்பிடவும் என்று தானாக ஒரு வரி சேர்த்துக் கையெழுத்தும் போட்டார்.

குரல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பொசுங்கிய சட்டையின் சொந்தக்காரரிடம் தானே வந்து மன்னிப்புக் கேட்பதாகச் சொல்ல நினைத்தாள், நன்றி சொல்ல நினைத்தாள், அம்மாவைப் பற்றிச் சொல்ல நினைத்தாள். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஒன்றுதான் முன்னால் வந்தது.

“திங்கக்கிழமை நான் வேலைக்குப் போறேங்க்கா.”

இஸ்திரி அக்கா தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டாள். வார்த்தைக்கு முன்னால் மூச்சு எதுவும் வரவில்லை. அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, பிளக்கை மறுபடி மாட்டினாள்.